செடி சும்மா நிற்பதில்லை

கேள்வி: பருத்தியில் பூச்சி முட்டையிட்டுப் போய்விடுகிறது. ஓடவும் முடியாத செடி, பாவம், என்ன செய்யும்? இலையில் சுணை, அதாவது மெல்லிய மயிர், உள்ள ரகமாகப் பார்த்து விதைத்தால் போதாதா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பாவம் என்று இரங்கினீர்களே, அந்தச் செடிகளுள் முட்டையையே கொல்பவை உண்டு. ஐரோப்பாவில் கருங்கடுகு இலையின்மேல் முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டால், சில செடிகளில் முட்டை ஒட்டிய இடம் தானே கருகி மடிய, முட்டை வற்றிப்போகிறது. அந்தப் பூச்சியோ முட்டைகளை நெருக்கி இடுவது. தனி முட்டையைவிடக் குவியலில் உள்ளவை அங்கே கூடுதலாகப் பிழைக்கின்றன.

உங்கள் வரப்போரத்து எருக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைக் கவனியுங்கள். முன்கால்களால் இலையைத் தொட்டுச் சுவை அறிந்த பிறகே, அடிப்பக்கத்தில் வெளிறிய, நெடுக வரியோடிய ஒற்றை முட்டையை ஒட்டுகிறது. அதன் புழு, எருக்கம்பால் வாயை ஒட்டிவிடாதபடி, முதலில் நரம்பைக் கடித்துப் பாலை நிறுத்திவிட்டே இலையைத் தின்னும்.

இனி சுணை. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி இலை நரம்புக்குள் முட்டையைச் செருகுவது; இலையடியில் சுணை நீண்டு அடர்ந்திருந்தால் நரம்பை எட்டுவது அதற்குக் கடினம் என்பதால், சுணையுள்ள ரகம் அதனைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி எதையும் செருகுவதில்லை. கொழுந்திலும் மொட்டிலும் மேலாக ஒட்டிச் செல்கிறது, அதுவும் வழுவழுப்பான இலையைவிடச் சுணையுள்ளதையே விரும்பி. அந்த முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது. சுணைக்குள் நடந்து தேடுவதற்குள் திணறிவிடுகிறது. ஆகவே சுணை மட்டும் போதாது.

"விதைத்த இத்தனையாம் நாள் இந்த மருந்து" என்று எழுதித் தரப்படும் சீட்டை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். அதனால் சில மருந்துக்கடைக்காரர்களுக்கு என்மேல் இன்றும் மனத்தாங்கல் உண்டு. இருக்கட்டும். எழுதுபவர் உங்கள் செடியின் கொழுந்தைப் பார்த்தவர் அல்லர். நீங்கள் காலையில் வரிசைக்குச் சில செடிகளாவது கொழுந்தை விரித்துப் பாருங்கள். வெண்மஞ்சள் முட்டைகள் தென்படத் தொடங்கியதுமே ஒட்டுண்ணி அட்டை, அதாவது அந்தக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டை, கட்ட வேண்டிய தருணம். முட்டை மை பூசியதுபோல் முழுதும் கருத்து மின்னினால், உள்ளே வளர்வது குளவி. அன்று தெளிப்பானைத் தோளில் ஏற்றாதீர்கள்.