எடை மேடை சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடுமா? – வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நிறைய, பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்ற கவலையோடுதான் வருகின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

எங்களுக்கு ரைஸ்மில்லுங்க. எடை மேடைக்கு ஒருத்தர் ரொம்ப வருசத்துக்கு முன்னாடி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார். லாரி நெம்பர் போட்டா எடை தானா வந்து சீட்டு அடிச்சிரும். எழுதினவர் இப்ப தொழில்லயே இல்லை. கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 11 ஏறாதுன்னுட்டாங்க. பையன் லினக்ஸ் மின்ட் போடலாங்கறான். அந்த சாஃப்ட்வேர் அதுல ஓடுமுங்களா? – வாசகர், காங்கேயம்

ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறதுங்க. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், மின்ட் அதில் ஒரு வகை. ஆனால் மில் கம்ப்யூட்டரில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் கை வைக்காதீர்கள். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி அதில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் பழையதை மாட்டினால் அன்றைக்கே வேலை நடக்கும்.

உங்கள் சாஃப்ட்வேர் எதில் எழுதப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த மாதிரி வேலைக்கு அந்தக் காலத்தில் பலரும் எடுத்தது 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழி, தரவைச் சேமிக்க ஆக்சஸ். அந்த ஃபோல்டருக்குள் எம்டிபி என்று முடியும் ஒரு ஃபைல் இருந்தால் அதே வகைதான். இந்த வகை சாஃப்ட்வேருக்கு வைன் நன்றாகவே ஒத்துப்போகும்.

வைன் என்றால் என்ன என்று பையனுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்காகச் சொல்கிறேன். விண்டோஸுக்கு எழுதிய ஒரு புரோகிராம், ‘ஃபைலைத் திற’, ‘ஜன்னலை வரைந்து காட்டு’, ‘பிரிண்டருக்கு அனுப்பு’ என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸைத்தான் கேட்கும். அந்தக் கேள்விகளை வாங்கி, லினக்ஸ் செய்யக்கூடிய வேலையாக மாற்றிப் பதில் கொடுப்பதுதான் வைன். இன்டெல் பிராசஸருக்கான கட்டளைகள் அதே பிராசஸரில் நேராக ஓடுவதால் வேகம் பெரிதாகக் குறையாது, விண்டோஸும் தேவையில்லை, அதற்கு உரிமமும் தேவையில்லை. 1993-ல் தொடங்கிய வேலை இது, 1.0 என்று பெயர் வைத்து வெளியிடவே 2008 ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்க்காமலே, ஒவ்வொரு கேள்விக்கும் விண்டோஸ் என்ன பதில் சொல்கிறது என்று சோதித்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடம் பொறுமையாகச் செய்து இலவசமாகவும் கொடுத்திருக்கிற அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, ஸ்கிரீன் வந்துவிட்டது என்பதோடு வேலை முடியாது. சாஃப்ட்வேர் தனக்கு வெளியே எதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், சிக்கல் வந்தால் அங்கேதான் வரும். உங்களுக்கு முதலில், எடையைக் காட்டும் இண்டிகேட்டரில் இருந்து வரும் ஒயர். கம்ப்யூட்டரின் பின்னால் பழைய ஒன்பது பின் சீரியல் போர்ட் இருந்தால் பிரச்சினை குறைவு. யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒயர் என்றால், அதற்கான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கும், சிடி தேட வேண்டாம். ஆனால் வைன் அந்த ஒயருக்குப் பெரும்பாலும் காம்33 என்று போர்ட் எண் கொடுத்துவிடும். பழைய சாஃப்ட்வேரில் காம்1 முதல் காம்4 வரைதான் தேர்ந்தெடுக்க முடியும், எடை பூஜ்யத்திலேயே நிற்கும். வைன் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போர்ட்ஸ் என்ற பகுதியில் காம்1 என்பது இந்த ஒயர்தான் என்று ஒரு வரி எழுதி, வைனை முழுவதுமாக நிறுத்தித் திரும்ப ஓட்டினால் சரியாகும். பையனின் பயனர் கணக்கை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்கவும் வேண்டும், இல்லையென்றால் போர்ட்டைத் தொட லினக்ஸ் அனுமதிக்காது. இன்னொன்று, சிஎச்340 சிப் உள்ள ஒயரை உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகையில் செருகினால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து வேறொரு சர்வீஸ் பிடித்துக்கொள்ளும், போர்ட் கண்ணுக்கே தெரியாது. பிஆர்எல்டிடிஒய் என்ற அந்த பேக்கேஜ் உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். மின்ட் 21-ம் அந்த உபுண்டுவின் மேல் கட்டியதுதான், அதனால் போர்ட் தெரியவில்லை என்றால் இதையும் ஒரு எட்டு பாருங்கள்.

அடுத்தது தேதி. தேதியை எப்படிப் படிப்பது என்பதை விஷுவல் பேசிக் புரோகிராம்கள் சிஸ்டத்தின் வட்டார அமைப்பில் இருந்துதான் எடுக்கும், வைன் அதை லினக்ஸில் இருந்து எடுக்கும். லினக்ஸ் போடும்போது அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் மே 3-ஆம் தேதி சீட்டு மார்ச் 5-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், 12-ஆம் தேதிக்கு மேல் மட்டும் சரியாக இருப்பது போலத் தெரியும். கவனிக்காமல் ஒரு மாதம் ஓடினால் கணக்கே குழம்பிவிடும். அதனால் முதல் நாளே ஆங்கிலம்–இந்தியா என்று வைத்துவிடுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சாஃப்ட்வேர் சாதாரண பிரிண்ட் வழியாக அனுப்பினால் லினக்ஸில் சேர்த்த பிரிண்டரிலேயே அடிக்கும். நேராக எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டுக்கு எழுத்தைத் தள்ளுகிற வகை என்றால் அதற்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போட வேண்டும். ஆக்சஸ் தரவைத் திறக்கத் தேவையான துணைக்கோப்புகளை வைன்ட்ரிக்ஸ் என்ற கருவி இறக்கித் தரும். எல்லாம் ஓடிய பிறகும் சில நாள் ஒவ்வொரு சீட்டையும் இண்டிகேட்டரில் தெரியும் எடையோடு ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள். லாரிக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன பிரஸ் வைத்திருக்கிறோம். எல்லாம் பேஜ்மேக்கர் 7, பாமினி ஃபான்ட். லினக்ஸுக்கு மாறினால் பழைய மேட்டர் எல்லாம் போய்விடுமா சார்? – வாசகி, கோபிச்செட்டிபாளையம்

போகாதும்மா. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்குப் பிறகு பெரிய புது வெர்ஷன் எதுவும் வரவில்லை. இவ்வளவு பழைய சாஃப்ட்வேர் என்பதால் வைனில் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. எழுத்துருவை வைனுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும், உங்கள் கை பழகிய அதே விசைகளில் அடிக்கலாம். தனியாக ஒரு கீபோர்டு சாஃப்ட்வேரை ஓரத்தில் ஓடவிட்டு அடிக்கிறவர்களுக்குத்தான் சிரமம், அது வைனுக்கு வெளியே வேலை செய்யாது. லினக்ஸில் இருக்கும் தமிழ்99 விசைப்பலகை, இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடில் அடிக்கும், பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது.

நம் பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. குலம், குலதெய்வம், காணியூர் எல்லாம் போட்டு, பெரியப்பா சித்தப்பா மாமன்மார் பெயர் ஒன்றுகூட விடாமல், வரிசையும் மாறாமல் வர வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு அடித்த மேட்டரை எடுத்துத் தம்பி கல்யாணத்துக்குத் திருத்துவதுதானே உங்கள் வேலையில் பாதி. அதனால் பழைய ஃபைல்களில் நாலைந்தை எடுத்துத் திறந்து, வரி உடைகிற இடம் மாறுகிறதா என்று அச்சடித்த பத்திரிகையோடு வைத்துப் பாருங்கள். பிடிஎஃப் எடுக்க லினக்ஸில் கப்ஸ்–பிடிஎஃப் என்ற பிரிண்டரைச் சேர்த்து அதற்கு அனுப்புங்கள்.

லிப்ரே ஆபீஸ் டிரா 2015-ல் இருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் தானே திறக்கிறது. அமைப்பு கொஞ்சம் கலையும், ஆனால் மேட்டரை மீட்டெடுக்க உதவும். புது வேலைகளை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் யுனிகோடு தமிழில் தொடங்கிவிடுங்கள் என்பது என் ஆசை, 2024-ல் வந்த 1.6 தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. முகூர்த்த மாதத்தில் மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள், ஆடியில் ஆரம்பியுங்கள்.

வைனில் ஓட்டினால் வைரஸ் வராதுதானே? – வாசகர், பொள்ளாச்சி

வரும். விண்டோஸுக்கு எழுதிய வைரஸும் ஒரு புரோகிராம்தான், வைன் அதையும் ஓட்டப் பார்க்கும். முழு லினக்ஸ் டிஸ்கும் வைனுக்குள் இசட் டிரைவாகத் தெரியும், ஆகவே ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வகை ஒன்று நுழைந்தால் உங்கள் ஃபோட்டோக்களையும் தொட்டுவிடும். தெரியாத இடத்தில் இறக்கியதை ஓட்டாதீர்கள், முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கில் வைனை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

நிட்டிங் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேருக்கு யுஎஸ்பி டாங்கிள் உண்டு, ரிட்டர்ன் போட டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் உண்டு. வைனில் டாங்கிளை எடுக்கவே இல்லை. என்ன வழி? – வாசகர், திருப்பூர்

வைனோடு மல்லுக்கட்டாதீர்கள். உரிமத்தைச் சரிபார்க்கும் அந்த டாங்கிளுக்கு விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காரும் டிரைவர் வேண்டும், வைன் பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காது. உங்களுக்கு ஏற்றது மெய்நிகர் கணினி. லினக்ஸில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் நிஜ விண்டோஸையே நிறுவி, டாங்கிளையும் டோக்கனையும் அதற்குள் கொடுத்துவிடுவது. உங்கள் பயனரை வீபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் யுஎஸ்பி பட்டியலே தெரியும். பலரும் இந்த இடத்தில்தான் ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள்.

குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், அதில் பாதியை உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கொடுங்கள். எஸ்எஸ்டி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். உள்ளே போடும் விண்டோஸுக்கும் முறையான உரிமம் வேண்டும், அப்டேட்டும் வேண்டும், அது லினக்ஸுக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் பத்திரமாகிவிடாது. மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும் வாரத்தில் மாற்றம் வேண்டாம். உண்மையைச் சொன்னால், ஒரே சிஸ்டம், நாள் முழுக்க ஒரே சாஃப்ட்வேர்தான் என்றால் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. தனியாள் பயன்பாட்டுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது, கம்பெனிகளுக்குக் காசு கட்டி வாங்கும் திட்டம் தனி.

லினக்ஸில் கேம் விளையாட முடியுமா? – பிளஸ் டூ மாணவர், நாமக்கல்

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியதில் நிறைய ஓடும் தம்பி. வால்வ் நிறுவனம் வைனை எடுத்து மெருகேற்றி 2018-ல் புரோட்டான் என்று வெளியிட்டது, 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியில் விண்டோஸ் கேம்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் வாலரன்ட் ஓடாது. ஏமாற்றுவதைத் தடுக்க அது போடும் காவல் புரோகிராம் விண்டோஸின் அடிமட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு முயற்சி செய்யுங்கள்.

அப்பா காலத்து மஞ்சள் மண்டிக் கணக்கு டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் இருக்கிறது. புது லேப்டாப்பில் திறக்கவே மாட்டேன் என்கிறது. – வாசகர், ஈரோடு

64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் புரோகிராம்களை ஓட்டாது, அதனால்தான். டாஸ்பாக்ஸ் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேராகப் போலச் செய்து காட்டும், விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கும். பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸ்–எக்ஸ் என்ற வகையை எடுங்கள், முதல் டாஸ்பாக்ஸில் அந்த வசதி இல்லை. ஆனால் பல சிஸ்டத்தில் இருந்து ஒரே தரவில் எழுத இதை நம்ப வேண்டாம், ஒருவர் மட்டும் உட்கார்ந்து பழையதைப் பார்க்கப் பயன்படுத்துங்கள்.

பார்த்தால் மட்டும் போதும் என்றால் அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். ஃபாக்ஸ்ப்ரோ தன் தரவை டிபிஎஃப் ஃபைல்களில் வைக்கும், அவற்றை லிப்ரே ஆபீஸ் கால்க் நேராகத் திறக்கும். விவசாயி பெயர், மூட்டை, விலை, பாக்கி எல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். முதலில் முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் நகல் எடுத்து, நகலில் மட்டும் திறங்கள், ஏனென்றால் கால்க்கில் திருத்திச் சேமித்தால் பழைய புரோகிராமுக்கு அது படிக்க முடியாமல் போகலாம். திறக்கும்போது எழுத்துக் குறியாக்கம் என்ன என்று கேட்கும். பெயர்கள் புரியாத குறிகளாக வந்தால் மூடிவிட்டு, அந்தப் பட்டியலில் டாஸ் என்ற சொல் உள்ள வேறொன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திறந்து பாருங்கள்.