தீபாவளிக்கு முன் ஒரு டப்பா: செல்லப் பிராணிகளுக்கான முதலுதவி, கேள்வி பதில்

திருச்சியில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தீபாவளி ராத்திரி என் போன் அடிக்க ஆரம்பித்தால் விடியும் வரை ஓயாது. வரும் அழைப்புகளில் பல, காயத்தைவிட அதன்மேல் பூசியதாலோ, பயத்தில் வாயில் ஊற்றியதாலோ பெரிதானவை. அதனால் இந்த முறை இரண்டு வாரம் முன்பே கேள்விகளைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

மதுரையிலிருந்து, லாப்ரடார் வளர்ப்பவர்: டாக்டர், ஆன்லைனில் நாய்களுக்கென்றே முதலுதவிப் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா, நாமே சேர்த்துக்கொள்ளலாமா?

நாமே சேர்த்தால் போதும். மூடி இறுக்கமாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். அரை லிட்டர் நார்மல் சலைன் ஒரு பாட்டில், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு இரண்டு, காஸ் துணி ஒரு சுருள், பஞ்சு, கிரேப் பேண்டேஜ், பெட்டாடின் சொல்யூஷன், டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாசலின், முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள்வாங்கி, கையுறை, டார்ச். கூடவே ஒரு பழைய துவாலை. எல்லாம் மெடிக்கலில் கிடைப்பவைதான். அப்புறம், காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற கோன் ஒன்று உங்கள் நாயின் அளவுக்கு வாங்கிவிடுங்கள். பண்டிகை அன்று கடை திறந்திருக்காது.

பெட்டாடினில் இரண்டு வகை உண்டு. 'ஸ்க்ரப்' என்று போட்டிருப்பது சோப்பு கலந்தது, திறந்த காயத்துக்கு ஆகாது. சொல்யூஷனையும் அப்படியே ஊற்றாதீர்கள். பாலில்லாத டீயின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து கழுவுங்கள். ஒட்டுகிற பிளாஸ்திரி வேண்டாம், முடியோடு பிய்த்துக்கொண்டு வரும்.

டப்பாவின் மூடி உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, நாயின் எடை, தடுப்பூசி போட்ட தேதி, உங்கள் டாக்டர் எண், ராத்திரியும் பார்க்கிற ஒரு மருத்துவமனையின் எண் எல்லாம் எழுதுங்கள். அந்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் போட்டு, "தீபாவளி ராத்திரி ஆள் இருப்பார்களா?" என்று கேட்டுவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இந்தத் தாள்தான் முக்கியம்.

இன்னொன்று, டப்பாவிலிருந்து எதையும் கடன் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் எங்கள் வீட்டு நாய்க்கே பாதத்தில் கண்ணாடி வெட்டிவிட்டது. டப்பாவைத் திறந்தால் கத்தரிக்கோலைக் காணோம். பால் பாக்கெட் வெட்ட அடுப்படிக்குப் போனது அங்கேயே தங்கிவிட்டது. டாக்டர் வீட்டு லட்சணம் இது.

சேலம், ஒரு வாசகி: அக்கா, கம்பி மத்தாப்பில் கால் சுட்டுவிட்டால் முதலில் என்ன தடவ வேண்டும்?

எதுவும் தடவ வேண்டாம். குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுட்ட இடத்தில் தண்ணீரை மெல்ல ஓடவிடுங்கள், 10 முதல் 20 நிமிடம் வரை. 20 நிமிடம் என்பது துள்ளுகிற நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு ரொம்ப நீளம், எனக்கே தெரியும். ஒருவர் பிடிக்க, ஒருவர் தண்ணீர் விட, மூன்றாமவர் டாக்டருக்குப் போன் போடட்டும். ஐஸ் கட்டி வைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சுட்ட தோல் இன்னும் கெடும். குட்டியாக இருந்தால் உடம்பின் மற்ற பகுதியைத் துவாலையால் போர்த்துங்கள், சீக்கிரம் குளிர்ந்துபோகும். பிறகு காஸ் துணியைச் சலைனில் நனைத்து மேலே தளர்வாகப் போட்டு அழைத்து வாருங்கள்.

டூத் பேஸ்ட், இங்க், மஞ்சள், வெண்ணெய் இவை நாலும் என் ஜென்ம விரோதிகள். ஒரு முறை ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். முன்னங்கால் முழுக்க வெள்ளைப் பேஸ்ட், அது காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதைச் சலைனில் ஊறவைத்து முடி முடியாகப் பிரித்தெடுக்கவே முக்கால் மணி நேரம். அடியில் இருந்த தீப்புண் ஐம்பது பைசா அளவுதான். பூனை பட்ட வேதனையெல்லாம் பேஸ்டால்தான். அதோடு நாயும் பூனையும் பூசியதை நக்கித் தின்னும் என்பதை மறந்துவிடுகிறோம்.

கோவை: எங்கள் பூனைக்கு அடிபட்டால் வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது, கால் என்ன, ஒரு துணுக்குகூடக் கூடாது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். மனிதர்களின் மாத்திரை டப்பாவும் இந்த டப்பாவும் ஒரே அலமாரியில்கூட இருக்க வேண்டாம். அவசரத்தில் கை மாறிவிடும்.

தஞ்சாவூர்: வெடிச் சத்தத்துக்கு எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் அவில் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறார்.

அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவில் தூக்கம் தரும், பயத்தைப் போக்காது. நாம் கொடுக்கிற பழைய மயக்க மருந்துகள் சிலவற்றிலும் இதே சிக்கல்தான்: உடம்பு அசையாது, மனசு மட்டும் பதறிக்கொண்டே இருக்கும். பயத்தையே குறைக்கிற மருந்துகள் இப்போது இருக்கின்றன. ட்ராசோடோன், காபாபென்டின் போன்றவற்றை எடையும் உடல்நிலையும் பார்த்து டாக்டர் எழுதித் தருவார். ஒரு வாரம் முன்பே போய் வாங்கி, சாதாரண நாள் ஒன்றில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். வெடிக்கிற நேரத்தில் முதல் சோதனை வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பட்டாசுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள். ஊர் அதை எவ்வளவு மதிக்கிறது என்பது வேறு கதை. ஆனாலும் கணக்குப் போட உதவும். காலை 5 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். சங்கிலியோடு, கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண்ணோடு. மிரண்டு ஓடிய நாய் எந்தத் தெருவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. கட்டிலுக்கு அடிதான் அதற்குப் பிடித்த இடம் என்றால் அங்கேயே ஒரு போர்வை விரித்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிடுங்கள். இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள்.

ஈரோடு: அஜீரணத்துக்குத் தீபாவளி லேகியம் நாய்க்கும் ஓர் உருண்டை கொடுக்கலாமா? (சிரிக்காதீர்கள்.)

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். லேகியத்தில் இருக்கும் நெய்யே அதற்குத் தனி அஜீரணம். நெய்ப் பலகாரம் அதிகமாகத் தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வரும். விடாத வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகல். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

அதைவிட எனக்குப் பயம் லட்டிலும் கேசரியிலும் இருக்கிற உலர் திராட்சைதான். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழக்கிறது, எந்த நாய்க்கு ஆகும் என்று முன்னால் சொல்ல வழியில்லை. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் நாங்கள் பாதுகாப்பாக வாந்தி எடுக்கவைக்க முடியும். நீங்களே உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் வலிப்பு வரும். சாக்லெட்டும் ஆகாது, கறுப்பாக இருக்க இருக்க ஆபத்து அதிகம். கறிக்குழம்பில் வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும்.

விருதுநகர்: குட்டி நாய் வெடிக்காத பட்டாசைக் கடித்துவிட்டது. வாய் முழுக்க மருந்து.

வாயைச் சாய்த்துப் பிடித்து, சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, உள்ளிருந்து வெளியே வழியும்படி கழுவுங்கள். பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பட்டாசில் பேரியம் நைட்ரேட் இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் தளர்ந்துபோகும், இதயத் துடிப்பும் தடுமாறும். அதனால் 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று காத்திருக்க வேண்டாம். பட்டாசு அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நாகர்கோவில்: கண்ணில் பொறி பட்டால்?

சலைனால் கழுவி, கோன் மாட்டி, டாக்டரிடம். வீட்டில் மிச்சம் கிடக்கும் கண் சொட்டு வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் கீறலும் இருந்தால், கண்ணே போய்விடலாம்.

புதுக்கோட்டை: மாட்டுக்கும் ஏதாவது சொல்லுங்கள், மேடம்.

அது தீபாவளியைவிட மாட்டுப் பொங்கலுக்குப் பொருந்தும். ஆசையாக வாளி வாளியாகச் சோறும் பொங்கலும் வைப்பார்கள். திடீரென்று அவ்வளவு மாவுச்சத்து போனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டு மற்றதை நீங்கள் சாப்பிடுங்கள். வயிறு உப்பி அசைபோடாமல் நின்றால் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குக் கூப்பிடுங்கள்.

சென்னை: எங்கள் தெருவில் நான்கு தெருநாய்கள். நான்தான் சோறு வைக்கிறேன். அடிபட்டால் நான் என்ன செய்ய முடியும்?

சோறு வைக்கிற கை என்பதற்காக வலியில் கடிக்காமல் விடாது. முதலில் துவாலையை மேலே போட்டுப் பிடியுங்கள். காஸ் சுருளை மூக்குத் தண்டில் ஒரு சுற்று சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்கிட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் அதுதான் வாய்க்கட்டு. மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக்கூடாது. ரத்தம் கொட்டினால் காஸை மடித்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். மீறி உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த நாய்தானே என்று தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், உங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கை இன்றைக்கே போட்டு, சோற்றையும் அங்கேயே வைக்கப் பழக்குங்கள். பழகாத இடத்துக்கு அன்றைக்கு மட்டும் கூப்பிட்டால் அவை வராது.