பழைய வீட்டின் பூர்வீகம்: பெங்களூருத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பத்திரப் பதிவு வேலையில் பல்லாண்டுகள் பழகியவன் என்பதால், பழைய வீடுகளைப் பற்றி நம்மவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (அல்சூர்): தாத்தா வாங்கிய வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று 2004-க்கு முன் கிடைக்கவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: கணினியில் ஏறியிருப்பது 2004 ஏப்ரலுக்குப் பிந்தைய பதிவுகள்தான், அதற்கு முந்தையவற்றைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன், உங்கள் வீடு அந்தக் காலத்தில் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1809-இல் உருவான தண்டுப் பகுதி (ஆங்கிலேயப் படையின் குடியிருப்பு, கன்டோன்மென்ட்), 1881-இல் மைசூர் மகாராஜாவிடம் நாடு திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கீழேயே தனியாக நின்றது. மைசூர் அரசின் கீழிருந்த பழைய நகரமான பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியானது 1949-இல்தான். அல்சூர் தண்டைச் சேர்ந்ததாகையால், அக்கால நிர்வாகக் கடிதங்களைத் தேடுவோர் மைசூர் ரெசிடென்சி ஆவணங்களுக்காக டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் வரை போக நேரிடும். பசவனகுடிக்காரருக்கு அந்த அலைச்சல் இல்லை. மைசூர் அரசின் கோப்புகளுக்குக் கர்நாடக ஆவணக் காப்பகமே போதும்.

சார் பதிவாளரிடம் போகும்போது பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை இரண்டையும் கேளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை, கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையாளர் அல்லாதவருக்குக் காட்ட மாட்டோம் என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவைப் பணிவாக நினைவூட்டலாம்.

கேள்வி (மல்லேஸ்வரம்): ஓட்டில் 'பாசல் மிஷன், 1865' என்று அச்சு இருக்கிறது. வீடு அந்த ஆண்டுக்குரியதா?

பதில்: இல்லை. மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிற்பாடு வார்த்த ஓடுகளிலும் அதையே பொறித்தார்கள். மல்லேஸ்வரமே 1890-களில் உருவான குடியிருப்பு. மேலும், ஓடு என்பது உடைந்தால் மாற்றுவதும், இடித்த வீட்டிலிருந்து விலைக்கு வாங்கிப் போடுவதும் ஆகையால், அதை வைத்துச் சுவரின் வயதைக் கணிக்கவே கூடாது.

கேள்வி (பிரேசர் டவுன்): எங்கள் கிரயப்பத்திரம் 1921-ஆம் ஆண்டினது. வீடு அப்போதே கட்டப்பட்டதென்று கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். பத்திரம் நிலம் கைமாறியதைச் சொல்லுமே தவிர, கொத்தனார் எப்போது வந்தார் என்பதைச் சொல்லாது. சொத்து விவரத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். 1921-இல் 'காலி மனை' என்றும், அடுத்த பத்திரத்தில் 'மனையும் அதிலுள்ள கட்டடமும்' என்றும் இருந்தால், வீடு அவ்விரு தேதிகளுக்கும் நடுவில் எழும்பியிருக்கிறது. இரண்டாம் பத்திரம் கையில் இல்லையென்றால் நான்கெல்லையைப் பாருங்கள்; கிழக்கில் இருந்தவரின் பத்திரத்தில் 'மேற்கே இன்னாருடைய வீடு' என்று உங்கள் வீடே எல்லையாக வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் இருந்தால், தேடலைத் தொடங்குமுன் அதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பழைய வரி ரசீதுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வரி திடீரென்று உயர்ந்த ஆண்டில் பெரும்பாலும் கட்டடம் எழுந்திருக்கும் அல்லது மாடி கட்டியிருப்பார்கள்.

கேள்வி (சிவாஜி நகர்): பத்திரத்தில் உள்ள 'பிளாக்பள்ளி', 'சவுத் பரேடு' என்பவை எங்கே?

பதில்: பிளாக்பள்ளி நீங்கள் குடியிருக்கும் சிவாஜி நகர்தான். சவுத் பரேடு இன்றைய எம்.ஜி. சாலை.

கேள்வி (காக்ஸ் டவுன்): பாட்டியின் உயிலைப் பதிவு செய்ததாகக் கேள்வி. பேத்தியாகிய எனக்கு நகல் தருவார்களா?

பதில்: உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல். அவர் காலமான பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் தருவார்கள். ஆனால் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால், அட்டவணையில் பாட்டியின் பெயர் இல்லாமலும் போகலாம். விண்ணப்பத்துடன் இறப்புச் சான்றை இணைத்து, பாட்டி தம் பெயரை எழுதிவந்த எல்லா விதங்களிலும் தேடச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள்.