கூட இருந்தே காட்டிக் குடுத்தவன்

கேள்வி: பால்டர்ஸ் கேட் 2 கம்ப்யூட்டர் கேம்ல வில்லன் ஐரெனிகஸைவிட, கூடவே வந்து காட்டிக் குடுத்த யோஷிமோ மேலதாங்க கோவம் வருது. அவன நம்ம குழுவுல சேத்திருக்கக் கூடாதோ?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சேக்காம எப்படி தம்பி, 2000-ல அந்த கேம் வந்தப்ப எல்லாரும்தான் சேத்தோம், முதல் பாதாளத்துலயே வந்து நிக்குறான், பூட்டு திறக்குறான், பொறி எடுக்குறான், வாய் வேற சும்மா இருக்காது. அவன் தங்கச்சி டமோகோ முதல் பாகத்து வில்லன் சாரெவோக்கோட காதலி, அவ சாவுக்குப் பழி வாங்க வந்தவன ஐரெனிகஸ் மந்திரத்தால கட்டிப்போட்டுட்டான், மீறினா உயிர் போயிரும். ஐரெனிகஸ் கத்தவே மாட்டான், நண்டு ஓட்டை உடைக்கிற மாதிரி நிதானமா பேசிக்கிட்டே நம்மள வதைப்பான் (நடிகர் டேவிட் வார்னர் குரல், சும்மாவா!). செத்த யோஷிமோவோட இதயத்த எடுத்துட்டுப் போய் இல்மேட்டர்ங்கிற சாமியோட பூசாரிகிட்ட குடுங்க, விட்டுறாதீங்க.