கன்று உங்கள் குரலுக்கு வர வேண்டுமானால்

தம்பி, அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் பண்ணை வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், சம்பளம், வாடகை, குளிர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், "கன்றுகள் நான் கூப்பிட்டால் வருவதில்லை, சிதறி ஓடுகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில், அதட்டுவதை விடுங்கள். வந்த முதல் வாரத்தில் நானும் ஊர்ப் பழக்கத்தில் "ஹை, ஹை" என்று கைதட்டிக்கொண்டே ஒரு கன்றை ஓட்டினேன்; அதன் தாய் தலையைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வந்தபோது, கற்சுவரை ஏறிக் குதித்ததால்தான் பிழைத்தேன். இறைச்சிக்காக வளர்க்கும் மந்தையில் கன்று தாயோடுதான் இருக்கும். அந்தப் பசுக்கள் கறவை மாடுகளைப் போல மனிதக் கைக்குப் பழகியவை அல்ல. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். நாயையும் அழைத்துச் செல்லாதீர்கள்.

அழைக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். கோழிக்கு "டியுக், டியுக்", கன்றுக்கு "சக், சக், சக்". தாயைப் பிரிந்து வாளிப் பாலில் வளரும் கன்று என்றால், வெதுவெதுப்பான பாலில் இரண்டு விரல்களை நனைத்து அதன் வாயில் வைப்பார். அது சப்பத் தொடங்கியதும் கையை மெல்ல வாளிக்குள் இறக்கி, பால் மட்டத்தில் விரல்களை உருவிக்கொள்வார். அவ்வளவு நேரமும் வாய் அந்தச் சொல்லையே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். சில நாட்களில் சொல் கேட்டாலே கன்று வந்துவிடும். வெறும் வாளியைக் காட்டி மட்டும் அழைக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்த கன்று அடுத்த முறை தயங்கி நிற்கும்.

இத்தகைய வழக்கங்களை 1937 முதல் 1939 வரை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு ஏடுகளில் எழுதிச் சேர்த்தார்கள். ஆனால் டப்ளினில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர், "இவ்வளவு தூரம் வந்தும் மாடு மேய்ப்பதா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் பசு 'போ'. சாலையைக் குறிக்கும் 'போஹர்' என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது என்பதை அவர்கள் அறியவில்லை.

கிளேரில் உள்ள பர்ரன் என்ற சுண்ணாம்புக்கல் மலைப்பகுதியில் அக்டோபர் இறுதியில் மாடுகளைக் கீழே இறக்குவதில்லை, மேலே ஏற்றுகிறார்கள். சுண்ணாம்புக் கல் கோடை வெப்பத்தைத் தேக்கி வைப்பதாலும், மழைநீர் தங்காமல் இறங்கிவிடுவதாலும், மேட்டுப் புல்வெளிதான் குளிர்காலத்துக்கு ஏற்றது. மூன்றாம் ஆண்டில் அந்த நடைக்கு என்னை முன்னால் விட்டார்கள். நான் தீவன வாளியோடு அழைத்துக்கொண்டே ஏறினேன், மந்தை என் பின்னால் வந்தது, பெரியவர் எல்லோருக்கும் கடைசியாக ஒவ்வொரு கதவையும் சாத்திக்கொண்டே வந்தார்.