ட்ரிக்கர் வார்னிங், சேஃப் ஸ்பேஸ்: உங்கள் அறைத்தோழர் பாதியைத்தான் சொன்னார்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோவையிலிருந்து முதுகலைப் படிப்புக்காக அமெரிக்காவின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு பேராசிரியர் பாடத்திட்டத்திலேயே எந்தெந்த வாரம் வன்முறைக் காட்சிகள் வரும் என்று ட்ரிக்கர் வார்னிங், அதாவது முன்னெச்சரிக்கை, போட்டிருக்கிறார். மாணவர் மையத்தில் ஓர் அறைக் கதவில் சேஃப் ஸ்பேஸ், அதாவது பயமில்லாமல் உட்கார்ந்து பேசும் பாதுகாப்பான இடம், என்று ஒட்டியிருக்கிறது. தன்னை லிபர்டேரியன் (தனிமனித சுதந்திரவாதி) என்று சொல்லிக்கொள்ளும் உங்கள் அறைத்தோழர், இதெல்லாம் பேச்சுரிமைக்கு வைக்கும் உலை என்கிறார். அவர் சொல்வது சரியா, வகுப்பில் வாய் திறந்தால் நமக்கு ஏதாவது வம்பு வருமா, அடுத்த செமஸ்டரில் டீ.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை கிடைத்தால் நீங்களும் இப்படி எச்சரிக்கை போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் மாணவனாக வந்து இங்கேயே தங்கியவன். லிபர்டேரியன் நண்பர்களோடு இதைப் பல வருடங்களாகப் பேசி வருகிறேன். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் அவர்களுடைய கொள்கையை ஒழுங்காகப் பின்பற்றினால் உங்கள் அறைத்தோழரின் முடிவுக்கு வர முடியாது.

நம் ஊரில் இந்த ரகத்தை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். வரி என்று வந்தால் வலதுசாரி மாதிரிப் பேசுவார்கள். போதைப்பொருள் சட்டம், குடியேற்றம், போலீஸ் அதிகாரம் என்று வந்தால் இடதுசாரி மாதிரிப் பேசுவார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: யார் யாரைக் கட்டாயப்படுத்துகிறார்கள்? தானாக விரும்பிச் செய்தால் அது அவரவர் பாடு. அதிகாரத்தைக் காட்டிச் செய்யவைத்தால் அது தவறு. ரீசன் பத்திரிகை 1968-லிருந்தும் கேடோ இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 1977-லிருந்தும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழகப் பேச்சுரிமைக்கென்றே 1999-ல் ஆலன் சார்ல்ஸ் கோர்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியரும் ஹார்வி சில்வர்கிளேட் என்ற வழக்கறிஞரும் தொடங்கிய ஃபயர் என்ற அமைப்பு எந்தக் கட்சியையும் சேராதது. ஆனால் லிபர்டேரியன்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

இப்போது ட்ரிக்கர் வார்னிங்குக்கு வருவோம். உங்கள் பேராசிரியர் தன் வகுப்புக்குத் தானே எழுதிய எச்சரிக்கை அது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. அப்படியானால் அதுவும் பேச்சுதான். பாடத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, 'நாளைக்கு வரும் படத்தில் ரத்தம் இருக்கும்' என்று சொல்லவும் அவ்வளவு உரிமை உண்டு. அதைத் தடுக்கப் பார்க்கிறவர் பேச்சுரிமைக்காரர் ஆக மாட்டார்.

கட்டாயமாக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2023-ல் மாணவர் பேரவை, மனத்தைப் பாதிக்கக்கூடிய பாடப்பகுதிகளுக்கு முன்னால் ஆசிரியர்கள் கட்டாயம் எச்சரிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் மார்த்தா பொல்லாக், அது கல்வி சார்ந்த சுதந்திரத்துக்கு எதிரானது என்று நிராகரித்தார். லிபர்டேரியன்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அடிமை முறையைப் பற்றியோ பாலியல் வன்முறைச் சட்டத்தைப் பற்றியோ பாடம் எடுக்கிறவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். எந்த வரி யாரைப் புண்படுத்தும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், தவறினால் புகார் வரும் என்றால், வேலை நிரந்தரமாகாத இளம் ஆசிரியர் அந்தப் பாடத்தையே விட்டுவிடுவார். ஓபர்லின் கல்லூரியும் 2013-ல் இந்த மாதிரி ஒரு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டு, ஆசிரியர்கள் எதிர்த்த பிறகு 2014-ல் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்பில் இடதுசாரிப் பேராசிரியர்களும் இருந்தார்கள் என்பதை உங்கள் அறைத்தோழர் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் ஆராய்ச்சிகளையும் எடுத்துக்காட்டியிருப்பார். எச்சரிக்கைகளைப் பற்றி நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023-ல் வந்தது உண்மை. எச்சரிக்கை கொடுத்தாலும் பார்க்கும்போது வரும் மனவேதனை குறையவில்லை, பார்ப்பதற்கு முன்னால் வரும் பதற்றம் கொஞ்சம் கூடுகிறது, எச்சரித்ததால் பெரிதாக யாரும் விலகிப் போவதும் இல்லை என்று அதில் சொன்னார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் வாதம் அதை நம்பி நிற்கக் கூடாது. நாளைக்கே வேறோர் ஆய்வு, எச்சரிக்கையால் பெரும் நன்மை என்று சொன்னாலும் கட்டாயப்படுத்துவது சரியாகிவிடாது. அதே மாதிரி, பயன் இல்லை என்று நிரூபணமானாலும் ஒரு பேராசிரியர் மரியாதைக்காகச் சொல்வதைத் தடுக்க முடியாது.

இதில் என் மனதில் நிற்கும் ஒரு சம்பவம் உண்டு. என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி போர் இதழியல் வகுப்பு ஒன்றில் இருந்தாள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வன்னியின் கடைசி மாதங்களில் எடுத்த காட்சிகளைத் திரையில் போட்டார்கள். அவளுடைய பெரியம்மா குடும்பம் அப்போது அங்கேதான் இருந்தது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு பேராசிரியரிடம் போய், 'படத்தைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, உலகம் பார்க்கத்தான் வேண்டும், முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தயாராகி வந்திருப்பேன்' என்றாள். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முதல் நாளே சொல்ல ஆரம்பித்தார். எந்தத் தீர்மானமும் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை. ட்ரிக்கர் வார்னிங் கேட்கிறவர்கள் எல்லாம் பலவீனமானவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அவளால்தான்.

சரி, சேஃப் ஸ்பேஸ். ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் கூடினாலே போலீஸ் சோதனை வரும் என்றிருந்த காலத்தில், பயமில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து வளர்ந்த கருத்து இது. லிபர்டேரியன்களுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் வேறு இல்லை. விரும்பியவர்கள் விரும்பியவர்களோடு கூடுவது அவர்கள் உயிராக மதிக்கும் உரிமை. நம் ஆட்கள் மாதம் ஒரு நாள் தமிழ்ச்சங்கத்தில் கூடி, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நம் பேச்சைப் பேசிவிட்டு வருவதும் அதே உரிமைதான்.

இந்தச் சண்டையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பிரவுன் பல்கலைக்கழக விஷயத்தில் ஒரு லிபர்டேரியனே நடுவில் இருந்தார். 2014 நவம்பரில் பாலியல் வன்முறை பற்றி ஒரு விவாதம் வைத்தார்கள். ஒரு பக்கம் பெண்ணிய எழுத்தாளர் ஜெசிக்கா வலென்டி, இன்னொரு பக்கம் தனிமனித உரிமையை வலியுறுத்தும் பெண்ணியவாதியான வெண்டி மெக்கெல்ராய். சமூகமே வன்புணர்வைச் சகஜமாக்குகிறது என்னும் 'வன்புணர்வுப் பண்பாடு' என்ற கருத்தையே மெக்கெல்ராய் ஏற்காதவர் என்பதால், கேட்டு மனம் கலங்குகிறவர்களுக்காக மாணவர்கள் தனியே ஓர் அறை ஏற்பாடு செய்தார்கள். பிஸ்கட், வண்ணம் தீட்டும் புத்தகம், நாய்க்குட்டி வீடியோ எல்லாம் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு நாடே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. மெக்கெல்ராய் வந்தார், பேசினார், கேட்க விரும்பியவர்கள் கேட்டார்கள். விரும்பாதவர்கள் வேறோர் அறையில் உட்கார்ந்தார்கள். அந்த அறையால் யாருடைய வாயும் அடைக்கப்படவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் அதே நேரத்தில் போட்டியாக இன்னோர் உரையை அறிவித்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நிர்வாகம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது.

இதோடு 2015 நவம்பரில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நடந்ததை வைத்துப் பாருங்கள். அது அரசுப் பல்கலைக்கழகம், இடம் திறந்த புல்வெளி. இனவெறிக்கு எதிராகப் போராடிய மாணவர்களின் கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. ஆனால் கூடாரங்களைச் சுற்றிக் கைகோத்து நின்று, படம் எடுக்க வந்த மாணவப் புகைப்படக்காரரைத் தள்ளினார்கள். வீடியோ எடுத்த இன்னொரு மாணவரை அப்புறப்படுத்த ஓர் உதவிப் பேராசிரியரே ஆள் கூப்பிட்டார். அடுத்த ஆண்டு அவருடைய வேலை போயிற்று. எல்லோருக்கும் பொதுவான இடத்தை ஒரு கூட்டம் தன் பாதுகாப்பு வளையம் என்று அறிவித்து மற்றவரை விரட்டினால், அது கூடும் உரிமையே இல்லை. அங்கே நான் முழுக்க லிபர்டேரியன் பக்கம்.

உங்கள் அறைத்தோழர் சிகாகோ பல்கலைக்கழகக் கடிதத்தை நிச்சயம் காட்டியிருப்பார். 2016-ல் புதிய மாணவர்களுக்கு அனுப்பியது, ட்ரிக்கர் வார்னிங்கை ஆதரிப்பதில்லை, அறிவு சார்ந்த சேஃப் ஸ்பேஸ்களை ஏற்பதில்லை என்று சொன்னது. அழைத்த பேச்சாளரை எதிர்ப்புக்குப் பயந்து ரத்துசெய்ய மாட்டோம் என்ற பகுதி அருமையானது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் 150-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், மாணவர்கள் இவற்றைக் கேட்பதும் விவாதிப்பதும்கூடப் பேச்சுரிமைதான் என்று பதில் கடிதம் எழுதினார்கள். கட்டாயம் எங்கே என்று தேடும் லிபர்டேரியன் அந்தப் பதிலையும் மதிக்க வேண்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நாம் வளர்ந்த நாட்டில் அரசியலமைப்பின் 19(2) பிரிவு பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தினார் என்று வழக்குப் போடலாம். பெருமாள்முருகனுக்கு ஊரே சேர்ந்து நெருக்கடி கொடுத்ததையும், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும், புண்படுத்தியது என்பதற்காக மட்டும் பேச்சைத் தண்டிக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பேச்சு விதிகளை 1989-லேயே நீதிமன்றம் ரத்து செய்தது. பாரபட்சப் புகார்களை விசாரிக்க அங்கே பிறகு வைத்த குழு வெறுமனே 'வந்து பேசுங்கள்' என்று அழைப்பதுகூட மாணவரை மிரட்டும் என்று 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தனியார் பல்கலைக்கழகத்துக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது, அங்கே அவர்களுடைய கையேடுதான் சட்டம். ஆகவே வகுப்பில் தாராளமாகப் பேசுங்கள். கேள்வி கேட்பதற்குத்தான் இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு, அதைப் பற்றி உங்கள் அறைத்தோழர் ஏன் பேசவில்லை என்று தெரியவில்லை. இன்றைக்குப் பேச்சுரிமைக்குப் பெரிய ஆபத்து பிஸ்கட் வைத்த அறையிலிருந்து வரவில்லை, அரசாங்கத்திலிருந்து வருகிறது. இனம் பற்றிய சில கருத்துகளை வகுப்பில் ஆசிரியர் ஆதரித்துப் பேசக் கூடாது என்று 2022-ல் புளோரிடா சட்டம் போட்டது. மனம் புண்படக் கூடாது என்ற அதே காரணத்தை இந்த முறை வலதுசாரிகள் சொன்னார்கள். ஃபயர் வழக்குப் போட்டது, அந்த நவம்பரிலேயே கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர் பல்கலைக்கழகங்களில் அதற்குத் தடை விதித்தார். 2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி மாணவி ஒருவரை முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாணவர் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆறு வாரத்துக்கும் மேல் காவலில் இருந்தார். குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இங்கே பேச்சுரிமை உண்டு என்று 1945-ல் ஹாரி பிரிட்ஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நிலைநாட்டவே ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகைக்காக 2025 ஆகஸ்டில் ஃபயர் நீதிமன்றம் போனது. கொள்கைக்கு உண்மையாக நிற்பது என்றால் இதுதான்.

என் லிபர்டேரியன் நண்பர்களோடு நான் ஒத்துப்போகாத இடமும் இங்கேதான். 'பிடிக்காவிட்டால் வேறு இடம் போ' என்று அவர்கள் எளிதாகச் சொல்வார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறவரால் அப்படிப் போக முடியாது. தனி அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்க்க முடியாது, வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வழிகாட்டிப் பேராசிரியரைப் பகைத்தால் உதவித்தொகை போகும், அப்புறம் விசாவும் ஆட்டம் காணும். விலகிப் போக வழியில்லாதவரிடம் சுதந்திரமாகத் தேர்ந்தெடு என்று சொல்வது அரைகுறை நியாயம். போராட்டக் களத்துக்கோ பெயர் போட்டுக் கையெழுத்திடுவதற்கோ முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும், முடிந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்டுவிடுங்கள். பேசாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், தெரிந்துகொண்டு பேசுங்கள்.

டீ.ஏ. வேலை கிடைத்தால் முதலில் பாடத்தை நடத்தும் பேராசிரியரிடம் அவர் வழக்கம் என்ன என்று கேளுங்கள், துறையில் எழுதப்பட்ட விதி ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் பொறுப்பில் விட்டால், 'அடுத்த வகுப்பில் போர்க்காட்சிகள் வரும்' என்று ஒரு வரி போதும். அது தகவல், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். பாடத்தைக் குறைக்க வேண்டாம், தேர்விலிருந்து நீங்களாக யாருக்கும் விலக்கும் கொடுக்க வேண்டாம். யாராவது மருத்துவக் காரணம் சொன்னால் விவரம் தோண்டாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதைப் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.