சும்மா வந்த பொருள்தானே என்று விலைச்சீட்டை மாற்றலாமா?

பிறர் உடுத்திய பழைய துணிகளை விற்கும் கடையில் உங்கள் தோழி ஒரு கம்பளிக் கோட்டின் விலைச்சீட்டைக் கழற்றிவிட்டு, சட்டையின் சீட்டை அதில் மாட்டி வாங்கியிருக்கிறார். "கடைக்காரங்களுக்கு அது யாரோ கொடுத்து சும்மா வந்ததுதானே" என்கிறாராம். இல்லைங்க, இது தப்புதான். பல நாடுகளின் சட்டத்தில் இது திருட்டாகவோ மோசடியாகவோதான் கருதப்படும்.

சும்மா வந்ததாகவே இருக்கட்டும். தரம் பார்த்துப் பிரிக்க, மாட்டி வைக்க ஆள் வேண்டும், வாடகை வேண்டும். புதுப்பொருள் கடை என்றால் பார்கோடு காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒவ்வொன்றும் ஒற்றைப் பொருள், பெரும்பாலும் கையால் எழுதிய விலை. கல்லாவில் இருப்பவர் சீட்டை நம்பித்தான் பில் போடுகிறார். பிறகு கேள்வி வந்தால் அவரிடம்தான் வரும்.

அப்புறம் அந்தச் சட்டை? கோட்டின் சீட்டும் அதற்கே போயிருந்தால், குறைந்த விலையை நம்பி வந்த யாரோ ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துகிறது.

விலை அதிகமாகத் தோன்றினால் வாய்விட்டுக் கேட்கலாமே. பொத்தான் இல்லை, உள்துணி கிழிந்திருக்கிறது என்று காட்டினால் குறைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. தோழியோடு சண்டை வேண்டாம். மீதிப் பணத்தைக் கடையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களும் கூடப் போங்கள்.